350-ஆ, 500-ஆ? பழைய புல்லட் தேடும் மெக்கானிக் தம்பிக்கு



எருக்கஞ்சேரி ஹைரோடு பக்கம் சொந்தமாகப் பட்டறை போட்டுவிட்டாய் என்று கேட்டதில் எனக்கு நிறைந்த மகிழ்ச்சி. வியாசர்பாடியில் பைக் மெக்கானிக்குகளுக்குக் குறைவில்லை. பஞ்சர் ஒட்ட, செயின் மாற்ற, ஆயில் மாற்ற முல்லை நகரிலிருந்து எம்.கே.பி. நகர் வரை தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். ஆனால் பழைய புல்லட்டை முழுதாகப் பிரித்து, ஒவ்வொரு போல்ட்டையும் கழுவி அளந்து, ஃபேக்டரியிலிருந்து வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ அந்த நிலைக்குக் கொண்டுவரும் வேலைக்கு வருகிறவர்கள் மிகச் சிலர். நீ அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறாய். அதனால்தான் உன்னை மெக்கானிக் என்று மட்டும் சொல்லாமல் கலைஞன் என்று சொல்கிறேன்.

முதல் பெரிய வேலை வந்திருப்பதாக எழுதியிருந்தாய். துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒருவர், பழைய புல்லட் ஒன்றை நீயே தேடி வாங்கி, நீயே புதுப்பித்தும் தர வேண்டும் என்கிறார். "எடுத்தால் 500தான், 350 வேண்டாம்" என்பது அவர் பிடிவாதம். என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறாய். உன் வயதுப் பிள்ளைகள் பலரிடமிருந்தும் இதே கேள்வி வருகிறது. அதனால் எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருக்கு 350 எடுத்துக் கொடு. தினமும் எம்.கே.பி. நகரிலிருந்து பேசின் பிரிட்ஜ் வழியாக ராயபுரம் போய்த் திரும்புகிறவர், வருஷத்துக்கு ஒருமுறை திருவண்ணாமலையோ திருப்பதியோ போகிறவர். அவருக்கு 500 தேவையே இல்லை. இப்படிச் சொன்னால் அவர் முகம் வாடும். சி.சி. பெரிதானால் வண்டியும் உயர்ந்தது என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதை மாற்றும் பொறுப்பு உனக்கு இருக்கிறது. அதற்கு வேண்டிய விவரங்களைத் தருகிறேன்.

புல்லட்டின் பிறந்த வீடு உன் பட்டறைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. இடம் திருவொற்றியூர். இந்திய ராணுவம் 350 சி.சி. புல்லட்டை விரும்பி வாங்கியதுதான் அதற்கு வித்து. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். 1960-களின் தொடக்கத்துக்குள் எல்லாப் பாகமும் இங்கேயே தயாராகிவிட்டது. இங்கிலாந்துக் கம்பெனி 1970-இல் மூடப்பட்டது. அதற்குப் பிறகும் திருவொற்றியூரிலிருந்து அதே 350, அதே வார்ப்பிரும்பு பேரலோடும் அதே நாலு கியரோடும் வந்துகொண்டே இருந்தது. 500 இங்கே வந்தது 1989-90 வாக்கில்தான். அதுவும் வெளிநாட்டு ஏற்றுமதியை முக்கியமாக மனதில் வைத்து.

இதிலிருந்து உனக்கு ஒரு சோதனை கிடைக்கிறது. "1978 மாடல், 500 சி.சி., ஒரிஜினல்" என்று எந்த புரோக்கராவது காட்டினால், அந்த வண்டியைத் தொடுவதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தைக் கேள். ரெட்டிச்சில் 1950-களில் 500 புல்லட் செய்தார்கள், உண்மைதான். அதில் ஒன்று இந்தியாவில் இருந்து, அது உன் கைக்கு வருவது மிக அபூர்வம். திருவொற்றியூர் வண்டியில் 1978-இல் 500 கிடையாது. அந்த வண்டியில் வேறு என்ஜினைப் பூட்டியிருப்பார்கள், அல்லது 350-இன் அடிப்பாகத்தைக் கடைந்து பெரிய பேரல் ஏற்றியிருப்பார்கள். இரண்டிலும் உனக்குத் தலைவலிதான். காரணம் பின்னால் சொல்கிறேன்.

இப்போது என்ஜினுக்குள் போவோம். பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்கும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், இரண்டு புல்லட்டிலும் ஒன்றுதான்: 90 மி.மீ. போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 350-இல் 70 மி.மீ., 500-இல் 84 மி.மீ. கணக்குப் போட்டால் 346 சி.சி., 499 சி.சி. கொள்ளளவு நூற்றுக்கு 44 கூடுகிறது. ஆனால் குதிரைசக்தி? 350-க்கு 18. அந்தக் காலத்து 500-க்கு 22 என்றும் 24 என்றும் எழுதியிருப்பார்கள். எதை எடுத்துக்கொண்டாலும் ஏறியது கால் பங்கு, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்கு. வாடிக்கையாளர் மனதில் இருப்பது 350-க்கும் 500-க்கும் இடையிலுள்ள 150. சாலையில் அவருக்குக் கிடைப்பது நாலு முதல் ஆறு குதிரைசக்தி.

ஸ்ட்ரோக் ஒன்றாக இருப்பதால் இன்னொன்றும் நடக்கிறது. நிமிஷத்துக்கு 4,000 சுற்று ஓடினால், பிஸ்டன் சராசரியாக விநாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் மேலும் கீழும் போகிறது. 350-க்கும் 500-க்கும் அதே 12 மீட்டர்தான். ஆகவே 500 என்பதற்காக அதைக் கூடுதலாக முறுக்கிவிட முடியாது. 500-இன் பலம் இழுவையில் இருக்கிறது. கியர்பாக்ஸ் ஸ்பிராக்கெட்டில் பல் கூட்டி, அதே வேகத்தைக் குறைந்த சுற்றில் எடுக்கலாம். இரண்டு பேர், இரண்டு பை, ஏற்காடு ஏற்றம் என்றால் அந்த இழுவைக்கு மதிப்பு உண்டு. மூலகொத்தளத்தில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் முதல் கியருக்கும் இரண்டாவது கியருக்குமாக மாறிக்கொண்டே நிற்கிறவருக்கு அதனால் என்ன பயன்? கூடுதல் சூடு, கூடுதல் பெட்ரோல், கால் வலி. அவ்வளவுதான்.

கால் வலி என்று எழுதியதை லேசாக எடுத்துக்கொள்ளாதே. பெரிய பிஸ்டன் கிக்கரைத் திருப்பி அடித்தால் கணுக்காலே பிசகும். டீகம்ப்ரஸரைப் பிடித்து, ஆம்ப் மீட்டர் முள்ளைப் பார்த்து, பிஸ்டனை உச்சிக்குச் சற்றுத் தாண்டி நிறுத்தி, பிறகு ஒரே உதை. இந்த முறை இரண்டு வண்டிக்கும் ஒன்றுதான். 350 தவறைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், 500 பொறுக்காது. வண்டியைக் கொடுக்கும் நாளில் அவரைப் பட்டறையிலேயே நிறுத்தி, உதைக்கத் தெரிந்த பிறகே சாவியைக் கொடு.

சி.சி.யை மட்டும் வைத்து ஒரு என்ஜினை எடைபோட முடியாது என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல சாட்சி இருக்கிறது. 1980-களில் எஸ்கார்ட்ஸ் கம்பெனி யமஹாவின் உதவியோடு ராஜ்தூத் 350 செய்தது. அது 347 சி.சி., இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். புல்லட்டுக்கும் அதற்கும் ஒரே ஒரு சி.சி.தான் வித்தியாசம். புல்லட் 18 குதிரைசக்தி கொடுத்தபோது, முதலில் வந்த ராஜ்தூத் 350 கொடுத்தது 30-க்கும் மேல். இன்னொரு பக்கம், 1993-இல் திருவொற்றியூரே செய்த டீசல் புல்லட். அது 325 சி.சி., சக்தி ஆறரைதான். மூன்று வண்டியிலும் ஏறக்குறைய ஒரே அளவு கொள்ளளவு. ஒன்று பறக்கும், ஒன்று நடைபோடும், மூன்றாவது மைலேஜுக்காகவே பிறந்தது. உன் வாடிக்கையாளரிடம் இந்த மூன்றையும் வரிசையாகச் சொல். சி.சி. மேல் அவருக்கு இருக்கும் மயக்கம் பாதி தெளிந்துவிடும்.

மீதி மயக்கத்துக்கு, வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் பல வருஷமாக வாதாடும் ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். ஜாகுவார் ஈ-டைப் 1961-இல் 3.8 லிட்டர் என்ஜினோடு வந்தது. 1964-இல் அதே கார் 4.2 லிட்டரோடு வந்தது. அங்கேயும் நம் கதைதான்: ஸ்ட்ரோக் 106 மி.மீ. மாறவில்லை, போரைத்தான் 87-இலிருந்து 92 மி.மீ.க்குப் பெரிதாக்கினார்கள். கம்பெனி சொன்ன குதிரைசக்தி இரண்டுக்கும் 265தான். ஏறியது இழுவை மட்டும். அப்படியிருந்தும் 4.2-ஐப் பலர் விரும்பித் தேடினார்கள். அதோடு வந்த புதிய கியர்பாக்ஸ், நல்ல பிரேக், உட்கார வசதியான சீட் ஆகியவையே அதற்குப் பெரிய காரணம். பழைய கியர்பாக்ஸில் முதல் கியர் கரகரக்கும், மாற்றுவதற்குப் பழக்கம் வேண்டும். ஆக, அங்கே பெரிய என்ஜின் வாங்கியவர்கள் உண்மையில் நல்ல கியர்பாக்ஸை வாங்கினார்கள். 3.8-இன் விறுவிறுப்புக்காக அதையே தேடுகிறவர்களும் இன்றுவரை இருக்கிறார்கள்.

இந்தக் கேள்வியை நம் 1990-களின் 500 புல்லட்டிடம் கேட்டுப் பார். பெரிய என்ஜினோடு கூட என்ன வந்தது? அதே வலதுகால் நாலு கியர் பெட்டி. அதே வகை டிரம் பிரேக். பிக் எண்டிலும் அதே மிதக்கும் புஷ். அந்தக் கடைசி விஷயத்தில்தான் என் கவலை முழுவதும். பழைய புல்லட்டின் கனெக்டிங் ராட் அடியில் ரோலர் பேரிங் கிடையாது. ஆயில் படலத்தின் மேல் சுற்றும் புஷ்தான். மிதமான வேகத்தில், நல்ல ஆயிலோடு ஓட்டினால் அது நீண்ட காலம் உழைக்கும். 84 மி.மீ. பிஸ்டன் மேல் விழும் ஒவ்வொரு அடியும் 70 மி.மீ. பிஸ்டனைவிட நூற்றுக்கு 44 பங்கு கனமானது. அந்த அடியைத் தாங்குவது அதே வகை புஷ். "500 ஆச்சே" என்று நெடுஞ்சாலையில் 100-ஐப் பிடித்துக்கொண்டு போகிறவர், திரும்பி வரும்போது டெம்போவில்தான் வருவார்.

இதனால்தான் சொல்கிறேன்: நீ தேட வேண்டியது ஆரோக்கியமான அடிப்பாகம். மேலே எத்தனை சி.சி. என்பதை அதற்கப்புறம் பார்க்கலாம்.

வண்டி பார்க்கப் போகும்போது என்ஜின் ஆறியிருக்க வேண்டும். முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், வேறொரு நாள் வருகிறேன் என்று சொல்லித் திரும்பிவிடு. குளிர்ந்த என்ஜினில் எழும் சத்தம் சூடானதும் அடங்கினால் அது பிஸ்டன் ஆட்டம். ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் தீரும். சூடான பிறகும், இழுக்கும்போது அடியிலிருந்து கனமாக ஒரு இடி கேட்டால் அது பிக் எண்ட். அப்படியானால் கிராங்கை வெளியே எடுத்து, புஷ் மாற்றி, ஃப்ளைவீலை லேத்தில் மையம் பார்த்துத் திரும்பப் பூட்ட வேண்டும். இதைச் சரியாகச் செய்யத் தெரிந்த கைகள் நகரத்திலேயே குறைந்துகொண்டு வருகின்றன. அந்தச் செலவை விலையில் கழித்துக் கேள்.

பேரலைக் கழற்றிப் பார்க்க அனுமதி கிடைத்தால் ராடைப் பிடித்து அசைத்துப் பார். பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருக்கும், அது இந்த என்ஜினின் இயல்பு. மேலும் கீழுமாக ஆட்டம் துளிகூட இருக்கக் கூடாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல கிராங்கைப் பிரித்துப் பாழாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். பேரலின் போரையும் அளந்துவிடு. ஏற்கெனவே 71 மி.மீ. வரை கடைந்த பேரல் என்றால் அதற்கு மேல் போக இடமில்லை, புது ஸ்லீவோ புதுப் பேரலோ தேவைப்படும். 71 மி.மீ. போரும் 90 மி.மீ. ஸ்ட்ரோக்கும் சேர்ந்தால் 356 சி.சி. ஆகிறது என்பதையும் கவனி. பழைய 350 பலவற்றின் உண்மையான கொள்ளளவு ஆர்.சி.யில் இருப்பதைவிடச் சற்றுக் கூடத்தான் இருக்கும்.

ஆயில் பற்றியும் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் நின்ற புல்லட்டில் ஆயில் தன் அறையிலிருந்து கசிந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும். ஸ்டார்ட் செய்ததும் சைலன்ஸரில் வெள்ளைப் புகை மண்டும். உடனே பயந்து "ரிங்ஸ் போச்சு" என்று முடிவுகட்டாதே. வடித்து, புது ஆயில் ஊற்றி, ஆயில் பம்ப் ஓடுகிறதா, ராக்கருக்கு ஆயில் ஏறுகிறதா என்று பார். பம்பை ஓட்டும் புழுப்பல் தேய்ந்திருந்தால் வேறு எது நன்றாக இருந்தும் பயனில்லை. அதைக் கழற்றும்போது அந்த நட் இடது மரை என்பதை மறக்காதே.

நம் வட்டாரத்துக்கே உரிய இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று உப்புக் காற்று. காசிமேடு, ராயபுரம், எண்ணூர் பக்கத்து வண்டி என்றால் பெயின்ட் பளபளப்பைப் பார்த்து ஏமாறாதே. சீட்டைக் கழற்றி ஃப்ரேம் குழாயின் மூட்டுகளையும், மட்கார்டின் உட்பக்கத்தையும், ரிம்மில் ஸ்போக் நிப்பிள் உட்காரும் இடத்தையும் டார்ச் அடித்துப் பார். இன்னொன்று வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வியாசர்பாடியில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கணேசபுரம் சுரங்கப்பாதை ஒவ்வொரு மழைக்கும் குளமாகிறது. முழுகி நின்ற புல்லட்டில் கிராங்க்கேஸ் வரை தண்ணீர் போயிருக்கும். மேலே துடைத்து விற்றுவிடுவார்கள். கிளட்ச் மூடிக்குள்ளும் டைனமோவுக்குள்ளும் சேற்றுப் படிவு இருக்கும். அது பொய் சொல்லாது.

மூன்றாவதாக ஒரு புது எதிரியும் வந்திருக்கிறது, பெட்ரோல் வடிவில். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய புல்லட்டின் பெட்ரோல் டாப்பில் இருக்கும் கார்க்கும் கார்புரேட்டரின் பழைய ரப்பர்களும் அதில் வீணாகும். எத்தனால் கலந்தால் கலவையும் மெலிகிறது. வார்ப்பிரும்பு பேரல் அதனால் கூடுதலாகச் சூடேறும். ஜெட்டை ஒரு படி பெரிதாக்கி, பிளக் நிறம் பார்த்துச் சரிசெய். இந்தச் சூடு விஷயத்தில் 500-க்கு இன்னும் கவனம் தேவை. சென்னை மே மாத வெயிலில் சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் 84 மி.மீ. பிஸ்டனை நினைத்துப் பார்.

காகிதத்துக்கு வருகிறேன். 350 சி.சி. என்பது நம் நாட்டில் வெறும் எண் இல்லை, சட்டம் போட்ட எல்லைக்கோடு. இன்சூரன்ஸில் 150 முதல் 350 சி.சி. வரை ஒரு வகுப்பு, 350-க்கு மேல் வேறு வகுப்பு. 2022 ஜூனில் அறிவித்த விகிதப்படி மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு முதல் வகுப்பில் ஆண்டுக்கு 1,366 ரூபாய். 350-ஐத் தாண்டினால் 2,804 ரூபாய், அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். 2025 செப்டம்பர் 22 முதல் புது வண்டிகளுக்கும் ஜி.எஸ்.டி. இதே கோட்டில்தான் பிரிகிறது: 350 சி.சி. வரை 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். பழைய வண்டிக்கு அந்த வரி நேரடியாக வராது. ஆனால் புது வண்டிச் சந்தை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் உதிரிபாகமும் மெக்கானிக்குகளும் சாய்வார்கள். 350-இன் பிஸ்டன், ரிங்ஸ், வால்வு எல்லாம் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் கேட்ட மாத்திரத்தில் கிடைக்கும். வார்ப்பிரும்பு 500-க்கான பாகங்களை விசாரித்துத்தான் வாங்க வேண்டும்.

இப்போது, பின்னால் சொல்கிறேன் என்று முன்பு விட்ட தலைவலி. 350 வாங்கி அதில் 500 பேரல் ஏற்றலாமே என்று அவர் கேட்பார், அல்லது யாராவது சொல்லிக்கொடுப்பார்கள். செய்யாதே. கிராங்க்கேஸ் வாயைக் கடைய வேண்டும். கடைந்த கேஸ் பலவீனப்படும், பழைய நிலைக்குத் திரும்பாது. கனமான பிஸ்டனுக்கு ஃப்ளைவீல் பாலன்ஸ் ஒத்துவராமல் வண்டி கை விறைக்கும் அளவுக்கு அதிரும். அதோடு, மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிப்படுத்தியது. விபத்து என்று ஒன்று நடந்து, 346 என்று காப்பீடு எடுத்த வண்டியில் 499 இருப்பது தெரிந்தால், இழப்பீடு சிக்கலாகும். அந்தச் சிக்கலில் வேலை செய்து கொடுத்தவன் பெயரும் வரும். தொழிலின் தொடக்கத்தில் இருக்கிறாய். ஒரு வேலைக்காக அந்தப் பெயரைச் சம்பாதிக்காதே.

அவருக்கு "விண்டேஜ்" ஆசையும் இருந்தால் இதையும் சொல். 2021 ஜூலையில் மத்திய அரசு விதி வந்தது. 50 வயது தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிக்குத் தனிப் பதிவு உண்டு, எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். ஆனால் அந்தப் பதிவு வாங்கினால் தினசரி ஓட்டத்துக்கு அனுமதி இல்லை, கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும்தான். வேலைக்குப் போய்வர நினைக்கிறவர் சாதாரணப் பதிவிலேயே இருக்கட்டும். 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி. பார்த்து ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும். இன்றைக்கு 50 வயதைத் தொடக்கூடிய திருவொற்றியூர் புல்லட் என்றால் அது 350 மட்டுமே. நம் ஊர் 500-களில் மூத்தது அந்த வயதை எட்ட இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு மேல் ஆகும். பழைய மதிப்புக்காக வாங்குகிறவருக்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

இவ்வளவு சொன்னாலும் 500-ஐ நான் வெறுப்பவன் இல்லை. ஜி.என்.டி. ரோட்டில் செங்குன்றம் தாண்டி, சோழவரம் பக்கம் காலை நேரத்தில் நல்ல 500-ஐ 80-இல் பிடித்துப் போகும்போது அது விடும் மூச்சில் ஒரு நிதானம் இருக்கும். 350-இல் அது வராது. அந்தச் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில்தான் பல ஆண்டுகள் கார் ரேஸும் பைக் ரேஸும் நடந்தன. என்ஜின் அளவுக்கு ஏற்பத்தான் போட்டிப் பிரிவுகள். அங்கே சி.சி. பிரிவைத்தான் தீர்மானித்தது. வெற்றியைத் தீர்மானித்தது ட்யூனிங்கும் ஓட்டுகிற கையும்.

வாரம் ஒருமுறை நெடுஞ்சாலை போகிறவர், பின்னால் ஒருவர் எப்போதும் உட்காருகிறவர், மலைப்பாதை ஆசை உள்ளவர், பராமரிப்புக்குப் பணமும் பொறுமையும் உள்ளவர், இப்படி யாராவது வந்து 500 கேட்டால் தேடிக் கொடு. 1990-களின் வார்ப்பிரும்பு 500-ஐ அதற்குரிய மரியாதையோடு புதுப்பித்துக் கொடு. தொல்லையில்லாத 500தான் வேண்டும் என்றால், 2009-க்குப் பிறகு வந்த ஒற்றைக் கூட்டு என்ஜின், அதாவது யூ.சி.இ. 500 பார்க்கச் சொல். அதிலும் அதே 84-க்கு 90 அளவுதான். ஆனால் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன், ரோலர் பிக் எண்ட், 27 குதிரைசக்தி. 2020-இல் உற்பத்தி நின்றுவிட்டது. அது உன் கலைக்குரிய வண்டி இல்லை, ஓட்டுகிறவருக்கு நல்ல வண்டி.

சைலன்ஸர் பற்றி ஒன்று மட்டும். பெரிய சத்தத்துக்காகத் திறந்த பைப் கேட்டால் மறுத்துவிடு. கலவை கெடும், போலீஸ் பிடிக்கும், ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில் படுத்திருக்கிறவர்களின் தூக்கமும் கெடும்.

உன் துறைமுகத்து வாடிக்கையாளரை ஒருநாள் பட்டறைக்குக் கூப்பிடு. பழைய 70 மி.மீ. பிஸ்டன் ஒன்றையும் 84 மி.மீ. பிஸ்டன் ஒன்றையும் அவர் கையில் கொடு. கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் புஷ்ஷையும் காட்டு. சி.சி. என்று அவர் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தது கையில் எடையாகத் தெரியும்போது, முடிவை அவரே எடுப்பார். பெரும்பாலும் 350 பக்கம்தான் வருவார். வராவிட்டாலும், தெரிந்து எடுத்த முடிவு என்பதால் பிறகு உன்னைக் குறை சொல்லமாட்டார்.

நல்ல 350 ஒன்று கண்ணில் பட்டால் முன்பணம் கொடுப்பதற்கு முன் ஆர்.சி. நகலையும், என்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் பஞ்ச் இரண்டையும் தெளிவாகப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. பஞ்ச் எழுத்தில் சந்தேகம் இருந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.

அன்புடன்,
உன் அண்ணன்